ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டால் முடிந்ததா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலும் வாட்சாப் செய்திகளிலும் பெரும்பகுதி ஒரே விஷயம்தான். செமஸ்டர் முடிகிற நேரம் என்பதால் இருக்கலாம். சுங்கை சிப்புட், சாலாக், லிந்தாங் பக்கமிருந்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோர், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், அங்கே பாடம் நடத்துகிறவர்கள் எல்லாருமே விரிவுரையாளர்களை மதிப்பிடுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் விரிவுரையாளர்களுக்கு மார்க் போடச் சொல்லிக் கணினியில் ஒரு படிவம் வருமாம். அதை முடிக்காவிட்டால் ரிசல்ட் பார்க்க முடியாதாம். இவள் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுகிறாள். கேட்டால் "எதுக்கும்மா வம்பு" என்கிறாள். அந்த மார்க்கை வைத்து என்னதான் செய்கிறார்கள்?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இதையேதான் செய்கிறார்கள். வாத்தியாரைக் குறை சொல்லக்கூடாது என்று நாம்தான் சொல்லி வளர்த்தோம். அப்புறம் பெயர் தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம், ஆறு பாடத்துக்கு ஆறு படிவம் என்ற அலுப்பு, ரிசல்ட்டைச் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம், எல்லாம் சேர்ந்து விரல் தானாக ஐந்துக்குப் போய்விடுகிறது. பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆனால் அந்த ஐந்து என்ன செய்கிறது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடும் வழக்கம் ஏறக்குறைய நூறு வருடப் பழையது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1927-இல் இதற்கென்று ஓர் அளவுகோலை வெளியிட்டார். பிறகு 1932-இல் ரென்சிஸ் லைக்கர்ட் என்பவர், 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' என்று தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை போகும் படிநிலைக் கேள்விகளைக் கொண்டுவந்தார். உங்கள் மகள் கணினியில் அழுத்துகிற ஒன்று முதல் ஐந்து வரையிலான வட்டங்கள் அந்த வழியில் வந்தவை. ஆசிரியர் தன் வகுப்பைத் தானே சரிசெய்துகொள்ள உதவும் என்று பேசப்பட்ட ஒரு கருவி, இன்று ஆண்டு மதிப்பீட்டுக்கும் பதவி உயர்வுக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கும் போய் நிற்கிறது. நம் நாட்டில் 2007-இல் தொடங்கப்பட்ட மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம், நாம் சுருக்கமாக எம்கியூஏ என்கிறோமே, அதன் தரச் சோதனைக்காகக் கல்விக்கூடங்கள் கட்டிவைக்கும் கோப்புகளிலும் மாணவர் கருத்து ஒரு பகுதி.

சரி, எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து போட்டால் என்ன ஆகும்? ராத்திரி கண்விழித்து அசைன்மெண்ட் திருத்திய விரிவுரையாளருக்கும், ஸ்லைடைத் திறந்து அப்படியே வாசித்துவிட்டுப் போனவருக்கும் ஒரே 4.8 வரும். பிறகு மேலே இருப்பவர்கள் 4.8-க்கும் 4.6-க்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ பெரிய உண்மை மாதிரி பார்க்க ஆரம்பிப்பார்கள். வம்பு வேண்டாம் என்று போட்ட ஐந்து, உண்மையாக உழைத்தவரின் உழைப்பைத்தான் மறைக்கிறது.

மகளிடம் சொல்லுங்கள், எண்ணைவிட அந்தக் கடைசிப் பெட்டி முக்கியம். கருத்து எழுதும் பெட்டி. "நல்ல விரிவுரையாளர்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "முதல் டெஸ்ட் தாளைக் கடைசி வாரம்தான் திருப்பிக் கொடுத்தார், அதற்குள் அதே தவறை இரண்டாவது டெஸ்டிலும் செய்துவிட்டோம்" என்று எழுதினால் பயன் உண்டு. நேரத்துக்கு வந்தாரா, குரல் கேட்டதா, கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தாரா, திருத்திய தாளில் ஒரு வரியாவது எழுதினாரா, இதெல்லாம் மாணவருக்கு மட்டுமே நன்றாகத் தெரியும், இதில் அவர்கள் சாட்சி சொன்னால் யாரும் தட்ட முடியாது. அவர் பாடத்தில் எவ்வளவு ஆழம், பாடத்திட்டம் இன்றைய நிலைக்கு ஏற்றதா என்பதை முதல் முறையாக அந்தப் பாடத்தைப் படிக்கிற பிள்ளை எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கேள்விகளுக்கு நடுவில் உள்ள எண்ணைப் போட்டாலும் குற்றமில்லை.

வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் என்றால் எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பயம் நியாயமானதுதான். தனக்கு மட்டும் நடந்த சம்பவத்தை விட்டுவிட்டு, எல்லாருக்கும் நடந்ததை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சார், எங்கள் வகுப்பில் ஒரு விரிவுரையாளர் இருந்தார், பேசினால் நேரம் போவதே தெரியாது, எல்லாரும் ஐந்து போட்டோம். இன்னொரு மேடம் எப்போதும் எங்களையே போர்டில் போட்டுக்காட்டச் சொல்வார், குரூப்பாக உட்கார்ந்து கணக்கு போடச் சொல்வார், விடையை நேராகச் சொல்லவே மாட்டார். கடுப்பில் இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டோம். இப்போது அடுத்த செமஸ்டரில் மேடம் நடத்திய பாடம்தான் கைகொடுக்கிறது. முதலில் சொன்னவர் நடத்தியது மறந்தே போச்சு. நாங்கள் போட்ட மார்க் தவறா?
— இறுதியாண்டு மாணவர், சாலாக் உத்தாரா

பதில்: தம்பி, உன் கேள்வியைத்தான் இந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீ அதை உன் வகுப்பிலேயே பார்த்துவிட்டாய்.

முதலில் உன் ஐந்து மார்க்காருக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியாளர்கள் முன்னால் விரிவுரை ஆற்ற வைத்தார்கள். தலைப்பு, மருத்துவர் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. அந்த நடிகருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்னுக்குப்பின் முரணான, பொருளில்லாத பேச்சு, ஆனால் கலகலப்பாக, நம்பிக்கையோடு, நடுநடுவே சிரிக்க வைத்துப் பேசினார். கேட்டவர்கள் நல்ல மார்க் போட்டார்கள். 1973-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கேட்டவர்கள் முதலாமாண்டுப் பிள்ளைகள் இல்லை, படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்பதைக் கவனி.

சுவையாகப் பேசுகிறவர் எல்லாம் வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகப் பேசி நன்றாகவும் கற்றுக்கொடுக்கிறவர்கள் நிறைய உண்டு. அந்த மார்க்கை மட்டும் வைத்து இருவரையும் பிரிக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

இன்னொரு ஆய்வு உன் கதைக்கு இன்னும் நெருக்கம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் முதலாமாண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கிப் போட்ட மாதிரி வகுப்பு அமையும், தேர்வும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஸ்காட் காரெல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளைப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பேராசிரியரிடம் படித்தவர்கள் அந்தப் பாடத் தேர்வில் நிறைய மார்க் வாங்கினார்களோ, அவருக்கு மாணவர்களும் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களுக்குப் போனபோது பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த, அடித்தளத்தை ஆழமாகப் போட்ட பேராசிரியர்களிடம் படித்தவர்கள் பின்னால் முன்னேறினார்கள், அந்தப் பேராசிரியர்களுக்கோ அன்று கிடைத்த மதிப்பீடு குறைவு. இத்தாலியின் பொக்கோனி பல்கலைக்கழகத்திலும் 2014-இல் வந்த ஓர் ஆய்வு இதே திசையைத்தான் காட்டியது.

அப்படியானால் மேடத்தின் மேல் உங்களுக்குக் கடுப்பு வந்தது ஏன்? ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாடம் ஒன்று, கையில் கொடுத்த தாளும் ஒன்று. ஒரு பக்கம் விரிவுரையாளர் எல்லாவற்றையும் அழகாக விளக்கிவிட்டார். இன்னொரு பக்கம் மாணவர்களே குழுவாகச் சேர்ந்து முட்டிமோதிக் கணக்கைப் போட்டார்கள். தேர்வில் முட்டிமோதியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். "எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், சும்மா உட்கார்ந்து கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். மூளை சிரமப்படும்போது 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று தோன்றுகிறது. உண்மையில் அப்போதுதான் அது வேலை செய்கிறது. அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃபிரீமன் குழுவினர் 2014-இல் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள், மாணவர்கள் தாங்களே செய்து படித்த வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினர். பன்னிரண்டு விழுக்காடு என்பது பிள்ளைகளின் தலையெழுத்து அல்லவா?

1981-இல் பீட்டர் கோஹன் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்து, மாணவர் மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் ஓரளவு நல்ல தொடர்பு இருக்கிறது என்று சொன்னார், உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதை நம்பியிருந்தன. பாப் உட்டில் குழுவினர் 2017-இல் அதே வகை ஆய்வுகளை மறுபடி எடுத்து, சின்னச் சின்ன வகுப்புகளில் தற்செயலாக வந்த பெரிய எண்களைச் சரியாகக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, தொடர்பு இல்லை என்றே முடிவுக்கு வந்தார்கள்.

நீ போட்ட மார்க் தவறா என்று கேட்டாய். அன்று நீ உணர்ந்ததை உண்மையாகப் போட்டாய், அது பொய் இல்லை. ஆனால் இன்று உனக்குத் தெரிந்தது அன்று தெரியாது. அதனால் இன்று மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. எந்தத் தலைப்பு, எந்தப் பாடத்தில், எப்படிக் கைகொடுத்தது என்று எழுது. அவர் அதைத் தன் பதவி உயர்வுக் கோப்பில் வைக்கலாம். துறைத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினால் இன்னும் நல்லது.

கேள்வி: வகுப்பில் பிஸ்கட் கொடுத்தால் விரிவுரையாளருக்கு மார்க் கூடும் என்று யாரோ சொன்னார்கள். நம்பலாமா?
— வாசகர், செம்மோர்

பதில்: நம்பலாம். ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் மருத்துவ மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் கிடைத்த குழுக்கள் ஆசிரியரையும் உயர்வாக மதிப்பிட்டன, பாடக் குறிப்புகளையும் உயர்வாக மதிப்பிட்டன. 2018-இல் வெளிவந்த ஆய்வு. குறிப்புகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, நான் நம் ஊர்க்காரி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். என் வயதையும் நான் பேசுகிற விதத்தையும் வைத்து மாணவர்கள் கருத்து எழுதுகிறார்கள். "இன்னும் கண்டிப்பு தேவை" என்று பாதிப் பேர், "ரொம்பக் கண்டிப்பு" என்று மீதிப் பேர். என்னோடு சேர்ந்து அதே பாடத்தை நடத்துகிற ஆண் விரிவுரையாளருக்கு என்னைவிட அதிகம் வருகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, முதலில் இது உன் மனப்பிரமை இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் இணையவழிப் பாடத்தில், ஒரு ஆண் ஒரு பெண் என்று இரண்டு துணை ஆசிரியர்கள். மாணவர்கள் யாரையும் நேரில் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு குழு. ஒரு குழுவில் தங்கள் சொந்தப் பெயரில், இன்னொரு குழுவில் மற்றவர் பெயரில் பாடம் நடத்தினார்கள். உண்மையில் யார் நடத்தினாலும், ஆண் பெயர் இருந்த இடத்தில் மதிப்பீடு உயர்ந்தது. தாள்களை எல்லாக் குழுவுக்கும் ஒரே வேகத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 'நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தாரா' என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. லிலியன் மெக்நெல் குழுவினரின் இந்த ஆய்வு சிறியது, மாணவர்கள் 43 பேர்தான். ஆனால் பிரான்சில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மதிப்பீடுகளை வைத்துச் செய்து 2016-இல் வந்த ஆய்விலும் பெண்களுக்கு எதிரான சாய்வு தெரிந்தது.

கனடாவில் டொரொண்டோ நகரின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில், இப்போது அதற்கு டொரொண்டோ மெட்ரோபொலிட்டன் என்று பெயர், ஆசிரியர் சங்கம் இந்த வழக்கை நடுவர் முன் கொண்டுபோனது. 2018-இல் வில்லியம் கேப்லன் என்ற நடுவர், பதவி உயர்வுக்கும் நிரந்தர நியமனத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டு எண்ணைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். மாணவர் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும், ஆசிரியரின் திறமையைச் சொல்லாது என்பதுதான் சாரம். அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நீ பேசும்போது எடுத்துக்காட்டலாம்.

இப்போது காரியத்துக்கு வருவோம். உன்னிடம் அந்த ஓர் எண்தான் இருக்கிறது என்றால் அந்த எண்தான் நீ. அதனால் வேறு சாட்சியங்களைச் சேர்த்துவை. செமஸ்டர் பாதியில், ஐந்தாவது ஆறாவது வாரத்தில், ஒரு சின்னத் தாளைக் கொடுத்து இரண்டே கேள்வி கேள்: எது உங்களுக்குப் படிக்க உதவுகிறது, எதை மாற்றினால் நல்லது. பெயர் வேண்டாம் என்று சொல். அடுத்த வகுப்பில் "நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது" என்று திறந்து பேசிவிடு. கடைசி வாரத்தில் வருகிற படிவம் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நன்மையும் செய்யாது, பாதியில் கேட்பது செய்யும். மதிப்பும் அதில்தான் வருகிறது. துறையில் மூத்தவர் ஒருவரை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து எழுதித் தரச் சொல். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு சின்னத் தேர்வு, அதே மாதிரி முடிவில் ஒன்று வைத்து, பிள்ளைகள் எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று காட்டு. மதிப்பீட்டு எண்ணைத் தருகிறபோது எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் கூடவே எழுது. நாற்பது பேர் வகுப்பில் ஒன்பது பேர் சொன்னது வகுப்பின் கருத்து ஆகாது.

முதல் வகுப்பிலேயே உன் முறை ஏன் சிரமமாக இருக்கும் என்பதைச் சொல்லிவிடு. ஹார்வர்டு ஆய்வு செய்தவர்களும் அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள், மாணவர்களின் மனப்போக்கு மாறியது.

உன் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. புரியவில்லை என்று எழுதியிருந்தால் கவனி, மெதுவாகப் பேசு, முக்கியச் சொல்லைப் போர்டில் எழுது. "தோட்டத்துப் பேச்சு" என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்.

கேள்வி: நான் செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளர். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த பொறியியல் பட்டதாரிகளைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து படிவம் வருகிறது. மேனேஜர் என்னிடம் தள்ளிவிடுகிறார். இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா?
— வாசகர், லிந்தாங்

பதில்: படிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது. மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. நம் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் என்பது அதன் பொருள். அதற்காகப் பாடத்திட்டத்தை 'என்ன நடத்தினோம்' என்பதிலிருந்து 'மாணவனால் என்ன செய்ய முடிகிறது' என்ற கணக்குக்கு மாற்றினார்கள். பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை வேலையில் எப்படி இருக்கிறான் என்று முதலாளிகளிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்டு, அதை வைத்துப் பாடத்தைத் திருத்தியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நீங்கள் எழுதுவது அந்த ஆதாரம்.

ஆனால் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? "தகவல் தொடர்புத் திறன் போதாது." இதைப் படித்துப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்றைக் கூட்டும், அவ்வளவுதான். உங்களுக்கு உண்மையில் என்ன குறை? ஷிஃப்ட் மாறும்போது கொதிகலன் நிலவரத்தை அடுத்தவருக்குத் தெளிவாக எழுதிவைக்கத் தெரியவில்லையா, பிரச்சினை வந்தால் பழைய தொழிலாளியிடம் போய்க் கேட்கக் கூச்சப்படுகிறாரா, அளவைக் கருவியில் வந்த எண் சரியா என்று சந்தேகப்படவே தெரியவில்லையா? அப்படி எழுதுங்கள். பாடத்தில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மீட்டிங்கில் வாயடிக்கிற பையன் கெட்டிக்காரன், அமைதியாக வேலை பார்க்கிற பெண்பிள்ளை சுமார் என்று நாமும் சுலபமாக எழுதிவிடுகிறோம். மாணவர்கள் கலகலப்பான விரிவுரையாளருக்கு ஐந்து போடுவதும் இதுவும் ஒரே மரத்துப் பழம்தான். இயந்திரம் நின்றபோது யார் ஓட வைத்தார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் பல்கலைக்கழகத்தில் பாடமும் நன்றாகத்தானே நடக்கும்?
— வாசகி, கோலகங்சார்

பதில்: நடக்கலாம், ஆனால் தரவரிசை அதைச் சொல்லாது. நம் பத்திரிகைகளில் அதிகம் அடிபடும் கியூஎஸ் பட்டியலில், கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு மட்டும் 30 விழுக்காடு, முதலாளிகளிடையே உள்ள பெயருக்கு 15 விழுக்காடு. ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்குத் தனிப் பங்கு. கற்பித்தலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கு, அதுவும் இப்போது 10 விழுக்காடுதான். வகுப்பறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கேள்வி: நான் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரனை ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கப் போகிறோம், பிடிபிடிஎன் கடன் எடுத்துத்தான். பெரிய கட்டடம், நல்ல விளம்பரம். படிக்காத நாங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வது? எங்களிடம் யாரும் கருத்துக் கேட்பதும் இல்லையே.
— தாத்தா, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, கடனைக் கட்டப்போகும் குடும்பம் நீங்கள். உங்களைவிட அதிகம் கேட்க உரிமை உள்ளவர் யார்? ஆராய்ச்சிகளில் மாணவர், ஆசிரியர், முதலாளி என்று கேட்டுவிட்டுப் பெற்றோரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கும் வருத்தம்தான்.

முதலில் எம்கியூஏவின் இணையத்தளத்தில் தகுதிப் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை. கல்லூரியின் பெயரைப் பார்த்தால் போதாது, பேரன் படிக்கப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு. புதிய படிப்பு என்றால் தற்காலிகம் இருப்பது இயல்பு, ஆனால் தெரிந்துகொண்டு சேருங்கள். பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கைப்பேசியிலேயே தேடிக் காட்டிவிடுவார்கள்.

பிறகு கல்லூரிக்கு நேரில் போங்கள், வரவேற்பறையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கேன்டீனில் உட்கார்ந்து இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். "விரிவுரையாளர் நல்லவரா?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "உன் கடைசி அசைன்மெண்டைத் திருப்பிக் கொடுத்தாரா, அதில் என்ன எழுதியிருந்தார்?" என்று கேளுங்கள். "ஒரே செமஸ்டரில் எத்தனை தடவை ஆள் மாறினார்கள்?" என்று கேளுங்கள். தோற்ற பிள்ளைக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேளுங்கள். நாற்பது பேரை நிரையில் நிறுத்தி வேலை வாங்கிய உங்களுக்கு, பதில் சொல்கிறவர் மழுப்புகிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் பட்டம் முடித்துவிட்டான். பட்டமளிப்புக்கு முன் எஸ்கேபிஜி என்ற படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். இப்போதைக்கு மோட்டார்சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். 'வேலையில் இருக்கிறேன்' என்று போடுவதா, வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுவதா?
— ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: விட்டுவிடக் கூடாது. எஸ்கேபிஜி என்பது உயர்கல்வி அமைச்சு நடத்துகிற பட்டதாரிகள் தொடர்பான கணக்கெடுப்பு. அதிலிருந்து வருகிற விழுக்காட்டைத்தான் "எங்கள் மாணவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது" என்று கல்விக்கூடங்கள் சொல்கின்றன. படித்து முடித்த சூட்டோடு கேட்கிற கேள்வி என்பதால் பாடம் நன்றாக நடந்ததா என்பதைவிட அந்த வருடம் வேலைச் சந்தை எப்படி இருந்தது, குடும்பத்துக்கு ஆள் பழக்கம் இருந்ததா என்பதைத்தான் அது அதிகம் காட்டும் என்பது என் கருத்து. இருந்தாலும் உங்கள் மகன் போன்றவர்கள் விட்டுவிட்டால் அந்தப் படம் இன்னும் பொய்யாகிவிடும். செய்கிற வேலை டெலிவரி, கையில் வருகிற சம்பளம் இவ்வளவு, படித்த துறை இது என்று உள்ளதை உள்ளபடி நிரப்பச் சொல்லுங்கள். கருத்து எழுத இடம் இருந்தால், எந்தப் பாடம் வேலைத் தேடலில் உதவியது, நேர்முகத்தில் எதைக் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றான் என்பதையும் எழுதட்டும். பழைய விரிவுரையாளர்களில் யாரோடாவது தொடர்பில் இருந்தால் அவரிடமும் அதைச் சொல்லட்டும், வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் அப்போதே கேட்டுவிடலாம்.